புகையோடு போகும் சூடு

முல்லைத்தீவு மாவட்டத்துப் புதுக்குடியிருப்பில் வீட்டைச் சூடாக்க வேண்டும் என்று எண்ணியவர் எவரும் இலர். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் பெருவீதியில், நந்திக்கடலுக்கு அணித்தாக அமைந்த அவ்வூரில், மார்கழி வாடை வீசும் இரவுகளிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. வெயிலைத் தடுக்கும் கூரையும் காற்றை வரவேற்கும் திண்ணையும் உடையதே அங்கு நல்ல வீடு. வெந்நீர் என்பது பிள்ளை பெற்ற தாய்க்கும், கைக்குழந்தைக்கும், காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கும் உரியது. ஏனையோர்க்குக் கிணற்று நீரே போதும்.

அவ்வூரின் பிள்ளைகள் பலர் இன்று வாழும் வீடுகளிலோ, ஆண்டில் ஏறக்குறைய ஆறு மாதம் விட்டுவிட்டு எரியும் நெருப்பொன்று உண்டு. அது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. இலண்டன் மாநகரத்து வீடொன்றின் அடுக்களைச் சுவரில், வெள்ளைப் பெட்டி ஒன்றினுள் அடங்கியிருந்து, குழாய் வழியே வெந்நீரை அறைதோறும் அனுப்பும் கொதிகலனே அது. மக்கள் அதனைப் 'பொயிலர்' என்பர். பழைய கொதிகலனை அகற்றி, குறைந்த எரிபொருளில் நிறைந்த சூடு தரும் புதியதைப் பொருத்துவது குளிர்நாட்டு இல்லறத்தின் பெருஞ் செலவுகளுள் ஒன்று. அச்செலவினால் வாங்கப்படுவது யாது? இதற்கு விடை தேடப் புகுந்தால் இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு விரிகின்றது. புகையோடு போகும் சூட்டைத் திரும்பப் பிடிக்க மனிதன் செய்த முயற்சியின் வரலாறே அது.

இம்முயற்சி தமிழர் அடுக்களைக்குப் புதிதன்று. கொடியடுப்பை அறியாத பழைய வீடு ஏது? பெரிய அடுப்பின் பக்கத்தே, விறகு வைக்கத் தனி வாய் இல்லாமல், உள்வழியாக வரும் அனலைக் கொண்டே இயங்கும் சிற்றடுப்பு அது. பெரிய அடுப்பில் சோறு வேகும்போது, வீணே வெளியேற இருந்த சூடு கொடியடுப்பில் கறியை வேகவைக்கும், அல்லது வெந்நீர் காய்ச்சும். ஒரு விறகு இரு வேலை செய்யும். அதனை முதலில் வனைந்தவர் பெயரை எந்த நூலும் குறிக்கவில்லை. ஆயினும் குளிர்நாட்டுப் பொறியியலாளர் பின்னாளில் பெரும் பொருள் செலவிட்டுக் கண்ட உண்மையின் ஒரு பாதி அதில் அடங்கியிருந்தது.

குளிருக்குத் தீக்காய்தலும் தமிழிலக்கியம் அறிந்த செய்தியே. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, கூதிர்க்காலத்துச் செல்வர் இல்லங்களில் சாளரக் கதவுகள் அடைக்கப்பட்டிருந்ததையும், வாயகன்ற தடவில் இட்ட நெருப்பைச் சூழ்ந்து மாந்தர் குளிர் போக்கியதையும் கூறுகின்றது. தடவு என்பது நெருப்புச் சட்டி. அது கையை வெப்பமாக்கும். அறை முழுவதையும் வெப்பமாக்க வல்லதன்று.

ஈழத்திலும் குளிர்ப் பிரதேசம் உண்டு. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், தை மாசி மாதங்களின் விடியற்காலையில் சில நாட்கள் புல்நுனியில் உறைபனி படியும். அங்கே ஆங்கிலேயத் துரைமார் தங்கள் பங்களாக்களில் கணப்பு அடுப்பும் கல்லாலான புகைபோக்கியும் அமைத்துக்கொண்டனர். அதே மலையில், அதே குளிரில், தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் லயன் அறைகளில் வாழ்ந்தன. சமையலும் உறக்கமும் ஒரே கூரையின் கீழ். புகைபோக்கி இல்லாத அடுப்பின் புகை சுவரையும் கூரையையும் மட்டுமன்றி நெஞ்சையும் கறுக்கச் செய்தது. துரை வீட்டில் புகை வெளியே போயிற்று, சூடும் பெரும்பாலும் அதனோடு போயிற்று. லயத்தில் சூடு உள்ளே நின்றது, புகையும் அதனோடு நின்றது. 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின்னர் மலைநாட்டை விட்டு வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் இதனை நன்கு அறியும். சூட்டை நிறுத்திப் புகையைப் போக்குவது எங்ஙனம்? உலகமெங்கும் அடுப்பின் வரலாறு இவ்வொரு வினாவைச் சுற்றியே சுழன்று வந்திருக்கின்றது.

பிரித்தானியாவில் இவ்வினாவை அறிவியல் முறையில் எழுப்பியவர் றம்போட் பிரபு. அமெரிக்காவில் 1753இல் பிறந்து, பவேரிய மன்னர் அவையில் பணிபுரிந்து புகழ் ஈட்டிய இவர், 1796இல் கணப்பு அடுப்புப் பற்றிக் கட்டுரை எழுதினார். அக்காலத்துக் கணப்புகள் ஆழமும் அகலமும் மிக்கவை. அவற்றின் புகைபோக்கி வாயும் பெரியது. அறையிலிருந்த வெதுவெதுப்பான காற்றையும் அது உறிஞ்சி வெளியே தள்ளிவிடும். றம்போட் கணப்பின் ஆழத்தைக் குறைத்தார்; பக்கச் சுவர்களைச் சரிவாக்கிச் சூடு அறைப்பக்கம் திரும்பச் செய்தார்; புகைபோக்கியின் தொண்டையைக் குறுக்கினார். இலண்டன் மாநகரில் இம்முறை விரைவாகப் பரவியது.

ஆயினும் நிலக்கரி எரிந்துகொண்டே இருந்தது. அதன் விளைவை 1952ஆம் ஆண்டு டிசெம்பர் 5ஆந் திகதி முதல் 9ஆந் திகதி வரை இலண்டன் கண்டது. காற்று அசையாது நின்ற அவ்வைந்து நாளும் வீட்டுப் புகைபோக்கிகளும் ஆலைகளும் கக்கிய கரிப்புகை பனிமூட்டத்தோடு கலந்து நகரை மூடிற்று. பகலிலும் வழி தெரியவில்லை. இறந்தோர் தொகை ஏறக்குறைய 4,000 என அக்காலத்தில் கணிக்கப்பட்டது. பின்வந்த ஆய்வுகள் அது 12,000 வரை இருக்கலாம் என்றன. அத்துயரத்தின் பயனாகவே 1956இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. வீட்டு அடுப்பு வீட்டாரின் சொந்த விடயம் என்றிருந்த எண்ணம் அன்றோடு மாறியது. ஒருவர் வீட்டுப் புகை மற்றொருவர் மூச்சு என்பதை நாடு சட்டமாக ஏற்றது.

கரிக்கு மாற்றாக வந்தது வாயு. முன்னர் நிலக்கரியைச் சூடாக்கி எடுத்த நகர வாயுவே குழாய்களில் ஓடிற்று. 1965இல் வடகடலின் பிரித்தானியப் பகுதியில் இயற்கை வாயு கண்டுபிடிக்கப்பட்டது. 1967இல் அது கரைக்கு வந்தது. 1967 முதல் 1977 வரை, வீடு வீடாகச் சென்று அடுப்புகளையும் கொதிகலன்களையும் புதிய வாயுவுக்கேற்ப மாற்றியமைத்தார்கள். அப்பத்தாண்டில் மாற்றப்பட்ட இல்லங்கள் ஒரு கோடிக்கு மேற்பட்டவை. அதனோடு நடுநிலைச் சூடேற்றம் பரவிற்று. ஒரே கொதிகலனில் காய்ந்த நீர், அறைதோறும் சுவரில் பொருத்திய வெப்பத் தகடுகளுள் சுற்றிவந்து, தன் சூட்டை அறைக்கு அளித்து, ஆறித் திரும்பும். 'ரேடியேற்றர்' எனப்படுபவை அத்தகடுகளே. 1970களின் தொடக்கத்தில் பாதிக்கும் குறைவான வீடுகளில் இருந்த இவ்வசதி, நூற்றாண்டு முடியுமுன் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது வீடுகளுக்கு எட்டியது.

ஆனால் அக்கொதிகலன்களும் ஊதாரிகளே. வார்ப்பிரும்பாலான பழையவற்றுள் பலவற்றில், எரிந்த வாயுவின் சூட்டில் 100க்கு 30 பங்கோ அதற்கு மேலோ புகைக்குழாய் வழியே வானத்தை அடைந்தது. சூடு வேண்டாத வேளையிலும் உள்ளே ஒரு சிறு சுடர் அணையாது எரிந்துகொண்டிருந்தது.

இவ்விழப்பைத் தடுக்கும் திறவுகோல் ஏற்கெனவே இருநூறு ஆண்டுக்கு முன் கண்டெடுக்கப்பட்டிருந்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் யோசப் பிளாக், 1760களின் தொடக்கத்தில் மறைவெப்பம் என்னும் உண்மையைக் கண்டார். கொதிக்கும் நீர் ஆவியாகும்போது பெருஞ் சூட்டை உண்ணுகிறது. ஆயினும் அதன் வெப்பநிலை உயர்வதில்லை. உண்ட சூடு ஆவிக்குள் மறைந்திருக்கின்றது. ஒரு கிராம் நீரை 0 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுவர 100 கலோரி போதும். அந்நீரை ஆவியாக்கவோ மேலும் 540 கலோரி வேண்டும். ஆவி மீண்டும் நீராகும்போது அந்த 540 கலோரியும் ஒன்றும் குறையாமல் வெளிப்படும்.

வன்னியில் பிட்டு அவிக்கும் தாயொருத்தி இதனைக் கல்லாமலே கற்றவள். நீத்துப்பெட்டியில் இட்ட மாவைக் கொதிநீர் தொடுவதில்லை. ஆவிதான் மேலெழுந்து, குளிர்ந்த மாவின்மேல் நீராகப் படிந்து, தன்னுள் மறைந்திருந்த சூட்டைக் கொடுத்து வேகவைக்கின்றது. கொதிநீர் சுடுவதிலும் ஆவி சுடுவது கொடிது என்பதை அவள் கையிலுள்ள தழும்பு சொல்லும்.

இனி, வாயு எரியும் முறையை நோக்குக. இயற்கை வாயுவின் பெரும்பகுதி மீதேன். ஒரு கிலோகிராம் மீதேன் எரியுமாயின் இரண்டேகால் கிலோகிராம் நீராவி பிறக்கும். நெருப்பிலே நீர் பிறக்கும் இவ்வியப்பே புதிய கொதிகலனின் அடிப்படை. வாயு தரும் முழுச் சூட்டில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு இந்நீராவிக்குள் மறைந்து புகைக்குழாய் வழியே தப்பிவிடுகின்றது. புகையை ஏறக்குறைய 55 பாகைக்குக் கீழே குளிர்வித்தால் ஆவி நீராகத் தொடங்கும். மறைந்த சூடு கைக்கு வரும். வீட்டைச் சுற்றி ஆறித் திரும்பிய நீரைக் கொண்டே புகையைக் குளிர்வித்தால், அந்நீர் செலவின்றி முன்சூடு பெறும். கொடியடுப்பும் நீத்துப்பெட்டியும் ஒரே பெட்டிக்குள் கூடியது போன்றது இந்த ஏற்பாடு.

இவ்வளவு எளிய உண்மையை முன்னரே பயன்படுத்தாதது ஏன்? புகையிலிருந்து படியும் நீர் புளிப்புத் தன்மை வாய்ந்தது. வார்ப்பிரும்பை அது சில ஆண்டுகளில் அரித்துத் தின்றுவிடும். ஆகவே முந்திய பொறியியலாளர் புகையை வேண்டுமென்றே சூடாக வெளியேவிட்டனர். வீணாக்குவதே அன்று பாதுகாப்பாக இருந்தது. துருவேறா உருக்கும், அலுமினியக் கலவையும், புகையைத் தள்ளும் சிறு மின்விசிறியும் மலிவாகக் கிடைத்த பின்னரே ஆவியைப் பிடிக்க வழி பிறந்தது.

அதில் முந்திக்கொண்டவர் ஒல்லாந்தர். ஒருகாலத்தில் முல்லைத்தீவில் கோட்டை கட்டியிருந்த அதே இனத்தாரே இவர். 1959இல் குரோனிங்கன் மாகாணத்தில் பெரும் வாயுப் படுகை ஒன்றைக் கண்டு செல்வம் பெற்றிருந்த நாடு அது. ஆயினும் 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது எரிபொருளின் அருமையை அது உணர்ந்தது. 1981இல் ஆவியைப் பிடிக்கும் வீட்டுக் கொதிகலன் அங்கே விற்பனைக்கு வந்தது. பிரித்தானியா தயங்கித் தயங்கியே பின்தொடர்ந்தது. விலை மிகுதி என்றனர் சிலர். வெளிச்சுவரில் வெண்புகை போல ஆவி தோன்றுவதைக் கண்டு பழுதென்று அஞ்சினர் சிலர். இறுதியில் சட்டமே முடிவு செய்தது. 2005ஆம் ஆண்டு ஏப்பிரல் 1ஆந் திகதி முதல், சில விலக்குகள் தவிர, இங்கிலாந்திலும் வேல்சிலும் புதிதாகப் பொருத்தப்படும் வாயுக் கொதிகலன் இவ்வகையினதாகவே இருத்தல் வேண்டும் என்றாயிற்று. 2010 சனவரியில், மிகப் பழைய கொதிகலனை மாற்றும் 1,25,000 இல்லங்களுக்குத் தலா 400 பவுண் உதவி இங்கிலாந்தில் அறிவிக்கப்பட்டது. வெந்நீருக்குப் பதிலாகச் சுடுகாற்றைக் குழாய் வழியே அனுப்பும் உலைகள் மிகுந்த கனடாவிலும், 2010 முதல் புதிய வாயு உலைகள் 100க்கு 90 பங்கு சூட்டையேனும் வீட்டுக்குத் தரவேண்டும் என விதிக்கப்பட்டது.

இம்மாற்றம் நிகழ்ந்த காலமும் ஈழத் தமிழர் குளிர்நாடுகளுக்குப் பெயர்ந்த காலமும் ஒன்றே. 1983 யூலை வன்செயலின் பின்னர் அப்பெயர்வு பெருகிற்று. 1986 ஓகஸ்டில் நியூபவுண்லாந்துக் கரைக்கப்பால் இரு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர் கரைசேர்த்தனர். 2009ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் போரின் இறுதிக் கட்டம் புதுக்குடியிருப்பைக் கடந்து சென்றது, ஊரே பெயர்ந்தது. அதற்கடுத்த ஆண்டு ஓகஸ்டில் 'சன் சீ' என்னும் கப்பலில் 492 பேர் கனடாவின் மேற்குக் கரையை அடைந்தனர். சூட்டைத் தணிப்பதற்கே வீடு கட்டிப் பழகிய மக்கள், சூட்டைச் சேர்ப்பதற்காக மாதந்தோறும் பணம் செலுத்தும் வாழ்வுக்குள் புகுந்தனர்.

பலர் புகுந்தவை வாடகை வீடுகள். அங்கேதான் இவ்வரலாற்றின் முள் தைக்கின்றது. கொதிகலனை மாற்ற வேண்டியவர் வீட்டுச் சொந்தக்காரர்; வாயுக் கட்டணம் செலுத்துபவர் குடியிருப்பவர். பழைய கொதிகலனால் நட்டமடைபவர் ஒருவர்; அதனை மாற்றும் உரிமை உடையவர் வேறொருவர். இரவு வேலை முடிந்து வரும் தந்தை கட்டணத்துக்கு அஞ்சிச் சூட்டை நிறுத்துகிறார். மூடிய அறையில் மூச்சும் சமையலாவியும் குளிர்ந்த சுவரில் நீராகப் படிந்து பூஞ்சணம் பிடிக்கின்றது. ஆவியைக் கொதிகலனுக்குள் பிடிக்கத் தவறியவர் வீட்டில், அது சுவரில் வந்து படிகின்றது.

புதுக்குடியிருப்பிலிருந்து மகளிடம் சென்ற முதிய தாய் ஒருத்தியைக் கருதுக. மார்கழிக் குளிரில் போர்வைக்குள் இருந்துகொண்டு, "எனக்குக் குளிரேல்லை பிள்ளை, காசை ஏன் கரியாக்கிறாய்?" என்பாள். விறகைச் சிக்கனமாக எரித்து ஆயுளைக் கழித்தவள் அவ்வாறு சொல்வது இயல்பே. ஆனால் முதியோர் இருக்கும் அறை 18 பாகைக்குக் குறையலாகாது என்பதே அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் அறிவுரை. குளிர்ந்த அறையில் இரத்த அழுத்தம் உயரும். மார்புச் சளி பற்றும். அங்கு சூடு ஆடம்பரமன்று, மருந்து போன்றது.

வசதி பெற்றுச் சொந்த வீடு வாங்கியோர் புதிய கொதிகலனைப் பொருத்தியதும் எல்லாம் முடிந்தது என்று எண்ணுகின்றனர். அது தவறு. வெந்நீரை 80 பாகையில் ஓடவிட்டால், திரும்பும் நீர் 60 பாகைக்கு மேலேயே இருக்கும், ஆவி நீராகாது, விலைகொடுத்து வாங்கிய நன்மை மீண்டும் புகையோடு போய்விடும். ஓடும் நீரை 60 பாகையளவில் வைத்து, நீண்ட நேரம் மெல்ல ஓடவிடுவதே முறை. வாயு விலை பெரிதும் ஏறிய 2022ஆம் ஆண்டில் பிரித்தானிய மக்களுக்கு இவ்வறிவுரை பரவலாக வழங்கப்பட்டது. பிட்டுக்கு அடுப்பை நிறைத்து எரிப்பவள் நல்ல சமையற்காரி ஆகாள் அன்றோ? ஆயினும் வெந்நீரைத் தொட்டியில் சேமிக்கும் வீடுகளில், அத்தொட்டி நீர் 60 பாகையேனும் சூடேற வேண்டும்; இல்லையேல் நோய்க்கிருமி வளரும்.

மேலும் சில உண்டு. கூரைக்கடியில் காப்புப் படலம் இட்டுக் காற்று நுழையும் இடுக்குகளை அடைத்த பின்னரே கொதிகலனின் அளவைக் கணிக்க வேண்டும். ஓட்டைக் குடத்துக்குப் பெரிய துலா பயன்படாது. பழைய குழாய்களிலுள்ள கறுப்புச் சேற்றைக் கழுவாது புதியதை இணைத்தால் அதன் ஆயுள் குறையும். படிந்த நீரை வெளியேற்றும் குழாய் வெளிச்சுவரில் மெல்லியதாய் நீண்டு கிடந்தால், கடுங்குளிரில் உறைந்து கொதிகலனையே நிறுத்திவிடும். 2010 டிசெம்பரின் பெருங்குளிரில் பிரித்தானியாவில் பல வீடுகள் இவ்வாறே இருளும் குளிருமாய்க் கிடந்தன. பதிவு பெற்ற தொழிலாளரைக் கொண்டே வேலையைச் செய்விப்பது சட்டம். மணமற்ற காபனோரொட்சைட்டு நச்சு வாயு உயிரைப் பறிக்கும் என்பதே அதன் காரணம்.

இக்கொதிகலனும் இறுதிச் சொல்லன்று. எவ்வளவு சிக்கனமாக எரித்தாலும் வாயு எரியும்போது காபனீரொட்சைட்டு வானத்தில் சேரும். ஆகவே வெளிக்காற்றிலுள்ள சூட்டை மின்னாற்றலால் இறைத்து வீட்டுக்குள் சேர்க்கும் வெப்ப இறைப்பிகளுக்கு, 2022 முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் அரசு உதவிப்பணம் வழங்கத் தொடங்கிற்று. 2023 ஒக்டோபரில் அது 7,500 பவுணாக உயர்ந்தது. அவையும் மிதமான சூட்டு நீரையே விரும்புவன. இன்று கொதிகலனை மெல்ல ஓட்டப் பழகும் வீடு நாளைய மாற்றத்துக்கும் ஆயத்தமாகின்றது.

இந்நிலையில், புறப்பட்ட ஊரின் அடுப்பையும் மறத்தலாகாது. 2012 செப்டெம்பரில் செட்டிகுளம் மெனிக் முகாம் மூடப்பட்டபோது இறுதியாக வெளியேறியோருள் புதுக்குடியிருப்புப் பிரிவு மக்களும் இருந்தனர். திரும்பியவர்கள் முதலில் அமைத்தது மூன்று கல் அடுப்பையே. அவ்வடுப்பின் சூட்டில் பெரும்பங்கு பாத்திரத்தைச் சேர்வதில்லை. புகையோ பெண்களின் நெஞ்சைச் சேர்கின்றது. வீட்டுப் புகையால் உலகில் 2020ஆம் ஆண்டில் இறந்தோர் ஏறக்குறைய 32 இலட்சம் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. 1980களில் இலங்கையில் உருவான 'அனகி' என்னும் களிமண் அடுப்பு, இரு வாய்கள் உடையதாய், முதற் பாத்திரத்தைத் தாண்டும் அனலை இரண்டாவதற்குத் தந்து விறகை மிச்சப்படுத்துகின்றது. குயவர் கையால் வனையப்படுவது அது, கொடியடுப்பின் உடன்பிறப்பு. 2022இல் வாயுச் சிலிண்டருக்காக நாடெங்கும் மக்கள் வரிசையில் நின்றபோது, நகரத்தாரும் விறகடுப்பின் அருமையை மீண்டும் உணர்ந்தனர்.

குளிர்நாட்டில் மகள் கொதிகலனை மாற்றுகிறாள். வன்னியில் தாய் மூன்று கல்லை அகற்றி இருவாய் அடுப்பை வைக்கிறாள். ஒன்றுக்கு ஆயிரக்கணக்கான பவுண் செலவு. மற்றதற்குச் சில நூறு ரூபாய்களோ ஓராயிரமோ போதும். இரண்டும் செய்யும் வேலை ஒன்றே. மகள் வீட்டுக் கொதிகலனுக்குச் சட்டம் உண்டு, உதவிப்பணம் உண்டு. தாயின் அடுப்புக்கும் அத்தகைய கவனம் கிடைக்கும் நாளில், புகையோடு போகும் சூட்டின் வரலாறு நிறைவுபெறும்.